காசில்லையா? வக்கீல் உண்டு!

கேள்வி: போலீஸ் கைது செய்துவிட்டது; வக்கீல் வைக்கக் காசில்லை. ஏழைக்கு என்ன கதி?
– வாசகி, தேனி

பதில்: அரசியல் சாசனம்தான் கதி! கைதுக்கான காரணத்தைச் சொல்லியாக வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும் என்கிறது 22-வது பிரிவு. காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமல், 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். அல்லது 15100-ஐ அழையுங்கள். காசு கொடுத்து அமர்த்துவதானாலும் ஒன்று: நல்ல வக்கீல் ‘நாளைக்கே ஜாமீன்’ என்று சத்தியம் செய்ய மாட்டார், முதலில் எஃப்.ஐ.ஆரைப் படிப்பார். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உரிமையைக் கேட்கக் கூசாதீர்கள். அது யாரும் போடும் பிச்சை அல்ல.