பழி சுமக்கும் குழல்

மிச்சிகன் மாநிலத்தில் துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் பருவமானது, அந்தத் தேதி திங்கட்கிழமையில் விழுந்தாலும் வியாழக்கிழமையில் விழுந்தாலும் ஒரு நாள்கூட முன்பின் நகராமல், நவம்பர் 15-ஆம் தேதி சூரியோதயத்துக்கு அரைமணி நேரம் முன்னதாகத் தொடங்கிவிடுகிற காரணத்தால், அந்த ஊர் ஜனங்களுக்குப் பஞ்சாங்கம் பாராமலே தெரிந்த ஒரே புண்ணியகாலம் அதுதான் என்று சொல்லலாம். வடபகுதியில் பல பள்ளிக்கூடங்கள் அன்று விடுமுறை விட்டுவிடுகின்றன. வாத்தியாரும் மாணாக்கனும் மாணாக்கனின் தகப்பனாரும் ஆளுக்கொரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது கரும்பலகைக்கு யார் பாடம் சொல்வது? 1957-இல் திறக்கப்பட்ட மாக்கினாக் பாலத்தின் மேல், ஆரஞ்சு நிறச் சட்டையும் தொப்பியுமாக மனிதர்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் வடக்கே சாரிசாரியாகப் போகும். (அந்த ஆரஞ்சு நிறம் மானின் கண்ணுக்கு அவ்வளவாக எடுபடாது; மனிதனை மனிதன் சுட்டுவிடாமல் இருப்பதற்காகச் சட்டம் செய்த ஏற்பாடு அது.) இவர்கள் கொண்டுபோகும் துப்பாக்கி பெரும்பாலும் அப்பனோ பாட்டனோ வைத்துவிட்டுப் போனதாகையால் அதைப்பற்றி யாரும் தர்க்கம் செய்வதில்லை. தர்க்கமெல்லாம் அதன் முதுகில் ஏற்றிவைக்கும் ஸ்கோப் என்கிற குழலைப் பற்றித்தான்.

கல்லூரியொன்றில் ஒளியியல் போதித்து ஜீவனம் செய்பவனும், மாமிசம் வாசற்படி தாண்டியறியாத குடும்பத்தில் பிறந்தவனும், வாழ்நாளில் கொசுவுக்கு மேற்பட்ட எந்தப் பிராணிக்கும் தீங்கு நினைத்தறியாதவனுமாகிய நான் இந்தத் தர்க்கத்தில் பிரவேசித்தது, தபால் இலாகாவில் உழைத்து ஓய்வுபெற்று, அறுபது வயதையும் கடந்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரருடைய கண்களின் நிமித்தமாக நேர்ந்தது. அவரிடம் இருப்பது தகப்பனார் வழியாக வந்த மார்லின் 336 என்னும் ரைஃபிள். அதில் 1895 முதல் வழங்கிவருகிற 30-30 என்ற பழந்தோட்டாவைப் போட்டுச் சுடுவார்கள். துப்பாக்கியின் பின்பக்கம் ஒரு பிளவு, முன்பக்கம் ஒரு மொட்டு, அதற்கப்பால் மான் என்று மூன்று வெவ்வேறு தூரங்களில் உள்ள மூன்று வஸ்துக்களை ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து பார்ப்பது இளங்கண்ணுக்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் வயது ஏற ஏறக் கண்ணின் உள்வில்லை இறுகிப்போய், மானைப் பார்த்தால் மொட்டு மங்குகிறது, மொட்டைப் பார்த்தால் மான் மங்குகிறது, பிளவையோ எப்பொழுதுமே பார்க்க முடிவதில்லை. ஸ்கோப்புக்குள் பார்த்தால் குறுக்குக் கம்பியும் மானும் ஒரே தளத்தில் பொருந்தித் தெரியும். ஆகவே அந்தக் குழலின் முதல் உபகாரம் தூரத்துப் பொருளைப் பெரிதாக்குவதல்ல, கிழவனுக்குக் கண்ணைத் திருப்பிக் கொடுப்பது. இதை ஒருநாள் வேலிக்கு இப்பால் நின்றுகொண்டு அவருக்கு விளக்கிவைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "புரொபசர், எனக்கு 200 டாலருக்குள் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி அன்றிரவு, சுடுகிறவருக்குப் பாவம் முழுசு என்றால் குறிபார்க்கும் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறவருக்கு அதில் எத்தனை வீசம் என்று விசாரித்தாள். மிச்சிகன் சாலைகளில் வருஷந்தோறும் 50,000 தடவைக்கு மேல் மானும் காரும் மோதிக்கொள்கின்றன என்பதையும், குறி தவறிக் காயத்தோடு ஓடும் மான் படும் அவஸ்தையைவிடக் குறி தப்பாமல் விழும் மானின் அவஸ்தை சொற்பம் என்பதையும், எனவே நல்ல ஸ்கோப் என்பது ஒருவகையில் ஜீவகாருண்ய சாதனமே என்பதையும் நான் சாங்கோபாங்கமாக எடுத்துரைத்தேன். "சுடாமலே இருந்தால் காருண்யம் இன்னும் ஜாஸ்தியாகாதோ?" என்று கேட்டுவிட்டு அவள் விளக்கை அணைத்துவிட்டாள்.

ஏழைக்கேற்ற ஸ்கோப் என்பது புது விஷயமல்ல. முன்னொரு காலத்தில் ஸ்கோப் என்றால் சீமான்கள் சமாசாரம். 1930-இல் பில் வீவர் என்ற இளைஞர் தாமே வடிவமைத்த ஒரு சிறு ஸ்கோப்பை 19 டாலருக்கு விற்கத் தொடங்கி, பிற்பாடு டெக்ஸாஸின் எல் பாஸோ நகரில் தொழிற்சாலையும் வைத்தபோதுதான், சாமானியக் குடியானவனின் துப்பாக்கிக்கும் கண் முளைத்தது. அந்த ஸ்கோப் பொருளை மூன்று மடங்குதான் பெருக்கும். அதற்குப் பிறகு அவர் செய்த நான்கு மடங்கு ஸ்கோப் ஒரு தலைமுறைக் காலம் வேட்டைக்காரர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இன்றைக்கோ நான்கு மடங்கு மட்டுமே காட்டும் குழலைக் கடையில் கேட்டால், விற்பனைப் பையன் நம்மை அநுதாபத்தோடு பார்க்கிறான்.

இப்பொழுது எங்கும் ராஜாங்கம் நடத்துவது 3-9x40 என்ற மந்திரம். மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை திருகிப் பெருக்கலாம் என்பதும், முன்வில்லையின் குறுக்களவு 40 மில்லிமீட்டர் என்பதும் அதன் தாத்பரியம். இதிலேயே 50 டாலருக்கும் உண்டு. 500 டாலருக்கும் உண்டு. அதற்கு மேலும் உண்டு. வித்தியாசம் எங்கே என்று கேட்டால், ஒளியியல் வாத்தியார் என்ற ஹோதாவில் நான் உடனே பதில் சொல்லக் கடமைப்பட்டவன். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் அப்படிப்பட்ட முகங்கள் பத்தாவது இருக்குமாகையால், உள்ளே நுழைந்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு மானைப் பாராமலே விடைபெற்றுக்கொள்ளும். 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனியில் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா என்பவர் கண்ணாடிமேல் மெல்லிய படலம் பூசி இந்தத் திருட்டைத் தடுக்க வழி கண்டார். அன்றுமுதல் விளம்பரக்காரர்களுக்குப் பட்டம் வழங்கும் உத்தியோகம் கிடைத்துவிட்டது: ஏதோ ஒரு முகத்தில் ஒரு பூச்சு இருந்தாலே ஒரு பட்டம், எல்லா முகத்திலும் ஒவ்வொன்று இருந்தால் அதற்கு மேற்பட்டம், ஏதோ ஒன்றில் பல பூச்சானால் வேறொரு பட்டம், எல்லாவற்றிலும் பல பூச்சானால் மகாபட்டம். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் இந்தப் பட்டங்களில் கடைசியானதைத் தவிர மற்றவற்றுக்கு நான் மரியாதை செய்வதில்லை. சந்தோஷமான சங்கதி என்னவென்றால், அந்த மகாபட்டம் இப்பொழுது 200 டாலருக்குள்ளேயே கிடைக்கிறது.

நான் இவ்வளவில் விஷயத்தை முடித்திருப்பேன். ஆனால் என் அண்டைவீட்டுக்காரருக்கு நண்பர்கள் உண்டு. ஸ்கோப் விஷயத்தில் நண்பர் என்பவர், நாம் ஒதுக்கிய தொகைக்கு மேல் இன்னும் ஐம்பது டாலர் போடச் சொல்பவர். 200-க்கு நிச்சயித்தவனை ஒருவர் 250-க்கு ஏற்றினார். 250-இல் நின்றவனுக்கு, இன்னும் ஐம்பது போட்டால் முன்வில்லை 50 மில்லிமீட்டராகக் கிடைக்கும், அந்தி வெளிச்சத்தை அப்படியே அள்ளிக்கொண்டு வரும் என்று இன்னொருவர் ஆசைகாட்டினார். இங்கே நான் குறுக்கிட வேண்டியதாயிற்று. ஸ்கோப்பின் பின்னாலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம், முன்வில்லையின் அளவைப் பெருக்கத்தால் வகுத்தால் வருவது. நான்கு மடங்கில் வைத்த 40 மில்லிமீட்டர் ஸ்கோப் பத்து மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒளியைக் கொட்டுகிறது. வாலிபனின் கண்மணியே இருட்டில் ஏழு மில்லிமீட்டருக்குத்தான் விரியும், அறுபதைத் தாண்டிய தபால்காரரின் கண்மணி அதைவிடக் குறைவாக. மிச்ச வெளிச்சமெல்லாம் அவருடைய இமையின்மேல் விழுந்து வீணாவதற்கு அதிகப்படி ஐம்பது டாலர் எதற்கு? இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் பக்தியோடு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரிதான், ஆனால் பெரியதாக இருந்தால் பார்க்க நன்றாயிருக்கும்" என்றார்.

மூன்றாவது நண்பர் ஒருவர் இருந்தார். அவருடைய வலது புருவத்துக்கு மேலே பிறைச்சந்திர வடிவில் ஒரு தழும்பு உண்டு. ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இடையே மூன்று நான்கு அங்குலம் விடாமல், பலமாகப் பின்னுதைக்கும் துப்பாக்கியை முகத்தோடு ஒட்டி வைத்துச் சுட்டவர்களுக்கு அந்த விளிம்பு சாற்றும் முத்திரை அது. அப்பேர்ப்பட்ட முத்திரை பெற்றவர், கண் இடைவெளியைப் பற்றி ஒரு முழு சாயங்காலம் உபதேசம் செய்தார். பட்டவன் சொல்லுக்கு உள்ள கௌரவத்தை நான் மறுக்கவில்லை. 30-30 தோட்டாவின் உதை அவ்வளவு கொடியதல்ல என்பதை மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கடைக்குப் போனோம். பகலை வெட்கச் செய்யும் மின்விளக்குகளின் கீழே, எதிர்ச்சுவரில் பதித்திருந்த மான்தலையை நோக்கி, 80 டாலர் குழலும் 400 டாலர் குழலும் ஏறக்குறைய ஒரே தெளிவோடு பார்த்தன. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. வெளிச்சம் தாராளமாக உள்ள இடத்தில் எந்த ஸ்கோப்பும் நல்ல ஸ்கோப்தான்; அதன் யோக்கியதை தெரிவது சூரியன் விழுந்தபின் சட்டம் அனுமதிக்கிற அந்தக் கடைசி அரைமணி நேரத்தில், மான்களும் அதே சமயம் பார்த்து வெளியே வருகிற வேளையில். ஆகையால், புடவைக் கடையில் நம் பெண்கள் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பதுபோல, இவற்றை அந்தி மயங்கும் வேளையில் வெளியே எடுத்துப்போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். விற்பனைப் பையன் மேலதிகாரியைக் கேட்டுவரப் போனான். அவர் தம்முடைய மேலதிகாரியைக் கேட்டார். இதற்குள் எங்களுக்கு வேண்டிய இருட்டு தானாகவே வந்து சேர்ந்தது. கார் நிறுத்துமிடத்தில் துப்பாக்கி ஸ்கோப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்கும் மனிதனுடைய முகம் என் முகம்போல் அந்நிய முகமாக இல்லாமலிருப்பது உசிதம் என்று கருதி, பார்க்கிற பொறுப்பை அண்டைவீட்டுக்காரருக்கே விட்டுவிட்டேன். அவர் தூரத்தில் யாரோ கைவிட்டுப்போன தள்ளுவண்டியின் கம்பிகளை எண்ணினார். 80 டாலரில் கம்பிகள் ஒன்றாகக் குழம்பின. 180 டாலரில் எண்ண முடிந்தது. 400 டாலரிலும் அதே எண்ணிக்கைதான் வந்தது. இதைவிடச் சுத்தமான பரிசோதனையை நான் என் கல்லூரிக் கூடத்திலும் கண்டதில்லை.

அப்படியும் அவர் மனம் 400-ஐ நாடியது. ஏன் என்று யோசித்தபோதுதான் இந்தச் சாஸ்திரத்தின் மூலசூத்திரம் எனக்குப் புலப்பட்டது. ஆரிகன் மாநிலத்து லியூபோல்ட் கம்பெனியார் தங்கள் பூர்வகதையாக ஒன்று சொல்லிக்கொள்கிறார்கள்: அந்தக் குடும்பத்து மார்கஸ் லியூபோல்ட் வேட்டைக்குப் போன இடத்தில் ஸ்கோப்புக்குள் பனிமூட்டம் படிந்து மான் தப்பிவிட்டதாம், இதைவிட நல்லதை நானே செய்வேன் என்று அவர் சபதம் செய்தாராம், குழலுக்குள்ளிருந்து ஈரக்காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பி அடைத்து, மூட்டமே படியாத ஸ்கோப்பைச் செய்துவிட்டாராம். ஒரு மான் தப்பியதற்கு ஸ்கோப்பின்மேல் பழிபோட்டவர்கள் கோடி. பழிபோட்ட கையோடு போய் ஸ்கோப் செய்தவர் அவர் ஒருவர். மற்றவர்களெல்லாம் பழியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நவம்பர் மாதந்தோறும் அமெரிக்கக் காடுகளில் தப்பிப் பிழைக்கும் மான்களில் ஒன்றாவது வேட்டைக்காரனின் விரல் நடுங்கியதால் தப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே மலிவான ஸ்கோப்புக்கு எந்த விளம்பரமும் சொல்லாத ஒரு மகத்தான குணம் உண்டு: தவறியதற்கெல்லாம் அது பொறுப்பேற்கும். 400 டாலர் கொடுத்து வாங்கியவன் இந்தச் சௌகரியத்தை இழந்துவிடுகிறான். அவனுக்கும் அவன் விரலுக்கும் நடுவே ஒளிந்துகொள்ள இடமே இல்லை. இதை நான் அவரிடம் இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை. "விலை குறைந்தால் மனசு லேசாக இருக்கும்" என்று மட்டும் சொன்னேன். அவர் 180 டாலருக்குச் சம்மதித்தார். அதைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பட்டைக்கும் வளையங்களுக்கும் தனியாகப் பணம் கேட்டபோது 200 டாலர் வரம்பு தாண்டிப்போயிற்று என்பது வேறு விஷயம்.

மார்லின் துப்பாக்கி வெற்றுத்தோட்டாவை மேலே எறியாமல் பக்கவாட்டில் உமிழும் ஜாதியாகையால், ஸ்கோப் அதன் தலைமேல் சிரமமில்லாமல் அமர்ந்தது. முதலில் 25 கஜத்தில் ஒட்டிய காகிதத்தைச் சுட்டு, பிறகு 100 கஜத்துக்குப் போய்க் குறியைத் திருத்தினார்கள். திருகை ஒரு சொடுக்குத் திருப்பினால் 100 கஜத்தில் கால் அங்குலம் நகரும். நாலு சொடுக்கு ஓர் அங்குலம். இந்த அரிச்சுவடியை அண்டைவீட்டுக்காரர் அரை மணியில் கற்றுக்கொண்டார். மானின் மர்மஸ்தானம் ஏறத்தாழ எட்டு அங்குல அகலம் என்பதால், அவர் காகிதத்தில் போட்ட துவாரங்கள் அதற்குத் தாராளமாக அடங்கின. அவர் போகிற காடோ தேவதாரு அடர்ந்த சதுப்பு. அங்கே 60 கஜத்துக்கு அப்பால் மானென்ன, மாடு நின்றாலும் தெரியாது. "மூன்றில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பதைத் தொடாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

15-ஆம் தேதி காலை நடந்ததை அவர் வாயாலேயே கேட்டேன். ஒன்பது மடங்குக்குக் காசு கொடுத்துவிட்டு மூன்றில் உட்கார்ந்திருப்பது லோபித்தனமாகப் பட்டதால், பரணில் ஏறியதும் ஒன்பதுக்குத் திருகிவிட்டார். விடிந்து சற்று நேரத்தில் இருபது கஜத்துக்குள் கொம்புள்ள ஓர் ஆண்மான் வந்து நின்றது. ஸ்கோப்பைக் கண்ணில் வைத்தார். உள்ளே உலகம் முழுவதும் பழுப்பு ரோமமாக இருந்தது. தலை எது, தொடை எது, முன்னது எது, பின்னது எது என்று அவர் அந்த ரோமாரணியத்தில் சஞ்சாரம் செய்துவிட்டு, திருகை மூன்றுக்குக் கொண்டுவருவதற்குள், மான் தன்னுடைய வெள்ளை வாலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

"ஸ்கோப்தான் சரியில்லை" என்றார். நான் ஆட்சேபிக்கவில்லை, அதற்காகத்தானே அதை வாங்கச் சொன்னேன்! மான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் இந்தச் சங்கடம் நேராது என்று நண்பர்கள் கூடி முடிவு செய்து, இப்பொழுது அவரைப் பைனாகுலர் வாங்கத் தூண்டியிருக்கிறார்கள். அதில் ஒன்றுக்கு இரண்டு குழல்; பூச்சும் இரட்டிப்பு, பட்டமும் இரட்டிப்பு, ஐம்பது டாலர் ஏணியில் படிகளும் இரட்டிப்பு. சனிக்கிழமை கடைக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்து, என் மனைவியிடம் கொஞ்சம் பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். "அது பார்க்கிறதோடு சரி, சுடாதே? அப்போ தாராளமாப் போய்ட்டு வாங்கோ" என்று உத்தரவு கொடுத்துவிட்டு, வருகிற வழியில் கறிவேப்பிலை வாங்கிவரச் சொன்னாள்.