சர் லாரன்ஸ் ஒலிவியரின் பெருந்தன்மை

ஒரே உறைக்குள் இரண்டு கத்தி நிற்காது என்பார்கள். நடிகரும் நடிகையும் செய்துகொண்ட திருமணம் முறியும்போதெல்லாம் இந்தப் பழமொழிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆங்கில நாடக மேடையின் பேரரசர் லாரன்ஸ் ஒலிவியர் இருபது ஆண்டுகள் அதைப் பொய்யாக்கிக் காட்டியவர். 1940 முதல் 1960 வரை விவியன் லீ என்ற இன்னொரு கூரிய கத்தியோடு ஒரே உறையில் இருந்தார். வெளியே வந்தபோது அவருடைய கத்தியில் ஒரு கீறல்கூட இல்லை. உலகம் அவருடைய ஹேம்லட்டைப் பாராட்டியது, மூன்றாம் ரிச்சர்டைப் பாராட்டியது. கணவராக அவர் காட்டிய இந்தத் திறமைக்கு மட்டும் உரிய புகழ் கிடைக்கவில்லை. அதைக் கொஞ்சம் ஈடுசெய்ய விரும்புகிறேன்.

முதலில் அவருடைய பொறுமை. 1938இல் ‘வுதரிங் ஹைட்ஸ்’ படத்துக்காக ஹாலிவுட் போனவர் ஒலிவியர். அவரைப் பின்தொடர்ந்து போன விவியன், சில வாரங்களில் ‘கான் வித் த விண்ட்’ படத்தின் ஸ்கார்லெட் ஆகிவிட்டார். 1940 பிப்ரவரி 29 அன்று ஆஸ்கர் விழா. சிறந்த நடிகருக்கான பட்டியலில் ஒலிவியரும் இருந்தார். பரிசு ராபர்ட் டோனட்டுக்குப் போயிற்று. சிறந்த நடிகை விருது 26 வயது விவியனுக்கு. திரும்பி வரும் வழியில் அந்தச் சிலையைத் தான் வாங்கி வைத்துக்கொண்டதையும், அந்தச் சிலையாலேயே அவளை அடித்துவிடாமல் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளப் பட்ட பாட்டையும், ஒலிவியரே சொன்னதாக அவருடைய மகன் டார்க்வின் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அடிக்கவில்லை என்பதுதான் முக்கியம். பொறாமையை மறைக்காமல் ஒப்புக்கொள்ளும் ஆண்கள் எத்தனை பேர்? அதே ஆகஸ்டில், அந்தக் கையாலேயே அவர் விவியனின் விரலில் மோதிரமும் அணிவித்தார்.

அடுத்து அவருடைய ஆசிரியத் தொண்டு. நடிப்புத் தொழிலில் தம்பதிகளுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. டாக்டர் கணவனையும் டாக்டர் மனைவியையும் ஒரே நாளிதழில், ஒரே பத்தியில், காலை காபி நேரத்தில் எடைபோட்டு யாரும் எழுதுவதில்லை. நடிகத் தம்பதிகளுக்கு அது நேர்கிறது. போதாக்குறைக்கு, யாருக்கு எந்த வேடம் என்பதை வீட்டில் ஒருவரே முடிவு செய்பவராகவும் இருந்துவிடலாம். ஒலிவியர் இதை மற்றவர்களைவிடத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார். சினிமாவில் விவியன் அவரைத் தாண்டியாகிவிட்டது. அன்றைய இங்கிலாந்தில் சினிமா காசுக்கு, மேடைதான் கலைக்கு என்ற எண்ணம் வேரோடியிருந்தது. மேடையில் அவரைத் தாண்ட ஆளில்லை. எனவே மனைவியைத் தன் மேடைக்கே அழைத்துக்கொண்டார். உலகமே அறிந்த நட்சத்திரம் அங்கே வந்ததும் கணவரிடம் பாடம் கேட்கும் மாணவியானார். கணவரே குரு, அடிக்கடி கணவரே இயக்குநர், சில சமயம் கணவரே தயாரிப்பாளர். 1940இல் இருவரும் சேமிப்பில் பெரும்பகுதியைப் போட்டு நியூயார்க்கில் ‘ரோமியோ ஜூலியட்’ நடத்தித் தோற்றார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகும் அவர் குருவின் இடத்தை விட்டு இறங்கவில்லை. அந்த விடாமுயற்சி சாதாரணமானதல்ல.

வேடப் பொருத்தம் பார்ப்பதில் அவருக்கிருந்த கறாரைத் தனியே சொல்ல வேண்டும். 1937இல் டென்மார்க்கின் எல்சினோரில் ஒலிவியர் ஹேம்லட், விவியன் ஒஃபீலியா. பத்து ஆண்டுகள் கழித்து ஒலிவியர் அதையே படமாக எடுத்தபோது ஒஃபீலியா வேடத்தை விவியன் விரும்பினார். ஆனால் கலையில் தாட்சண்யம் கூடாது அல்லவா? முப்பதைத் தாண்டிய மனைவியை விட்டுவிட்டு, 18 வயது ஜீன் சிம்மன்ஸைத் தேர்ந்தெடுத்தார். இளவரசன் ஹேம்லட்டாக நடித்த ஒலிவியருக்கு அப்போது வயது 40. ஹேம்லட்டின் தாயாக நடித்த ஐலீன் ஹெர்லிக்கு 29. மனைவியின் வயதை அவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்ட கண், தாயைவிடப் பதினொரு வயது மூத்த மகனிடம் எந்தக் குறையையும் காணவில்லை. படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும், அவருக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கரையும் வாங்கிக்கொடுத்தது. இடையில், 1947இல், அரசர் அவருக்கு ‘சர்’ பட்டம் அளித்தார். அதில் விவியனுக்கும் பங்குண்டு: அவர் ‘லேடி ஒலிவியர்’ ஆனார். ஸ்கார்லெட்டுக்குக் கிடைத்த அரச மரியாதை அதுதான்.

1948இல் இருவரும் ஓல்ட் விக் குழுவோடு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மாதக்கணக்கில் சுற்றி நாடகம் போட்டார்கள். கிறைஸ்ட்சர்ச் நகரில் ஒரு மாலை விவியனின் மேடைக் காலணிகளைக் காணவில்லை. அவை இல்லாமல் மேடையேற மாட்டேன் என்றார். ஒலிவியர் எல்லோர் முன்னிலையிலும் கன்னத்தில் அறைந்தார். விவியனும் திருப்பி அறைந்துவிட்டு மேடையேறினார். நாடகம் நிற்கவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஆஸ்கர் இரவில் அடக்கிவைத்த கையை, ஒரு நாடகத்தைக் காப்பாற்றுவதற்காக மட்டும் அவர் நீட்டினார் என்பதை அவருடைய தொழில்பக்தியின் கணக்கில் எழுதலாம்.

1949இல் லண்டனில் ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ நாடகத்தில் விவியனை பிளாஞ்சாக நடிக்கவைத்து இயக்கியதும் ஒலிவியர்தான். முந்நூறு காட்சிகளுக்கு மேல் அந்தச் சிதையும் பெண்ணாக விவியன் மேடையில் வாழ்ந்தார். பிறகு எலியா கசான் அதைப் படமாக எடுக்கும்போது, லண்டனில் கணவர் சொல்லிக்கொடுத்த விதத்திலேயே விவியன் நின்றதாகவும், அதிலிருந்து அவரை வெளியே கொண்டுவர முதலில் போராட வேண்டியிருந்ததாகவும் கசான் நினைவுகூர்ந்திருக்கிறார். குருவின் பாடம் அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது. அதைக் கழற்றிவைத்துவிட்டு நடித்ததற்கு விவியனுக்கு இரண்டாவது ஆஸ்கர் கிடைத்தது. நடிப்புக்கான ஆஸ்கரில் வீட்டுக் கணக்கு அப்போது மனைவிக்கு இரண்டு, கணவருக்கு ஒன்று. இந்தக் கணக்கை இங்கிலாந்தின் விமர்சகர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாததுதான் ஒலிவியரின் பாக்கியம்.

அந்த விமர்சகர்களில் தலைசிறந்தவர் கென்னத் டைனன். அவரையும் பாராட்டாமல் இந்தக் கட்டுரை நிறைவடையாது. 1951இல் ஒலிவியரும் விவியனும் ஷாவின் கிளியோபாட்ரா நாடகத்தையும் ஷேக்ஸ்பியரின் கிளியோபாட்ரா நாடகத்தையும் அடுத்தடுத்த இரவுகளில் நடித்தார்கள். சிறுமியான கிளியோபாட்ராவாக ஒரு நாள், முதிர்ந்த கிளியோபாட்ராவாக மறுநாள். எந்த நடிகைக்கும் முதுகெலும்பை முறிக்கும் வேலை. 24 வயது டைனனின் கண்ணுக்கு அதில் ஒன்றுதான் தெரிந்தது: மனைவியின் சின்னத் திறமைக்கு ஏற்ப, மகாநடிகரான கணவர் தன்னைத் தாழ்த்திக்கொண்டு நடிக்கிறார். என்ன கூர்மை! விவியன் நன்றாக நடித்தால் அது ஒலிவியரின் பயிற்சி. ஒலிவியர் சுமாராக நடித்தால் அது விவியனின் பாரம். எந்தப் பக்கம் தட்டு சாய்ந்தாலும் ஒருவரே வெல்லும் தராசு அது. 1955இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் விவியன் லேடி மேக்பெத்தாக நடித்தபோதும் டைனன் விடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த லேடி மேக்பெத்தைத் தவறாக மதிப்பிட்டுவிட்டேன் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை வணங்குகிறேன். அப்போது விவியன் உயிரோடு இல்லை.

ஒலிவியரின் பெருந்தன்மை இங்கேதான் உச்சம் தொடுகிறது. தன் மனைவியைப் பல்லாண்டு பேனாவால் குத்திய ஆளிடம் சாதாரணக் கணவன் முகம் கொடுத்துப் பேசமாட்டான். 1963இல் தேசிய நாடக அரங்கின் முதல் இயக்குநரான ஒலிவியர், இலக்கிய மேலாளர் பதவியில் அமர்த்தியது இதே டைனனைத்தான். பகை பாராட்டாத நெஞ்சம். டைனன் தொடர்ந்து எழுதியவை ஒலிவியரைப் புண்படுத்தியவை அல்ல என்பதால் மன்னிப்பது எளிதாகவும் இருந்திருக்கலாம்.

விவியனின் நோயைப் பற்றிச் சொல்லாமல் போவது நியாயமல்ல. டார்ஜிலிங்கில் பிறந்தவர் அவர். 1953இல் ‘எலிஃபென்ட் வாக்’ படத்துக்காக இலங்கையின் தேயிலை மலைகளுக்கு நடிக்க வந்தார். மனநோய் முற்றி, ஹாலிவுட் திரும்பியதும் முழுவதுமாக நிலைகுலைந்தார். அவர் வேடம் எலிசபெத் டெய்லருக்குப் போனது. இன்று இருதுருவ மனநோய் என்று சொல்கிறோம். அன்று மின்னதிர்ச்சிதான் மருந்து. அந்த நோயை ஒலிவியர் உண்டாக்கவில்லை. ஹாலிவுட் வரை பறந்துபோய் மனைவியை ஊருக்கு அழைத்துவந்தவர் அவர். பல ஆண்டுகள் அந்தப் புயலோடு ஒரே கூரையில் வாழ்ந்ததை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண் மேடையை விடவில்லை என்பதையும் யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றுவந்த காலத்திலும் வசனம் மறக்காமல் லேடி மேக்பெத் நடித்த உடம்பு அது. அதைத்தான் விமர்சகர்கள் ‘சின்னத் திறமை’ என்றார்கள்.

1960இல் விவாகரத்து. மறு ஆண்டு மார்ச்சில் ஒலிவியர் தன்னைவிட 22 வயது இளையவரான நடிகை ஜோன் பிளோரைட்டை மணந்தார். பிளோரைட் நல்ல நடிகை. ஒலிவியர் தலைமை தாங்கிய தேசிய நாடக அரங்கிலேயே நடித்தார். வீட்டிலும் அரங்கிலும் தலைமை யாருக்கு என்ற குழப்பம் எழவில்லை. மணவாழ்க்கை ஒலிவியர் இறக்கும்வரை நீடித்தது. விவியனோடு வாழ்ந்த இருபது ஆண்டுகளில் கற்ற பாடத்தை அவர் வீணாக்கவில்லை. விவியனோ 1963இல், ஐம்பதை நெருங்கும் வயதில், பிராட்வேயில் ஆடிப் பாடி நடித்த ‘டோவரிச்’ இசைநாடகத்துக்காக டோனி விருது வாங்கினார். குரு பக்கத்தில் இல்லாமல் வாங்கிய விருது. அதற்கு விவியனைப் பாராட்டுவதைத் தவிர விமர்சகர்களுக்கு இந்த முறை வேறு வழியில்லை.

1967 ஜூலையில் காசநோய் விவியனைக் கொன்றது. வயது 53. மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த ஒலிவியர், செய்தி கேட்டதும் எழுந்து வந்து முன்னாள் மனைவியின் உடல் அருகே நின்றார். அந்த அன்பு உண்மையானது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பதினைந்து ஆண்டுகள் பொறுத்து, 1982இல், தன் வாழ்க்கையை ஒப்புதல் வாக்குமூலமாக எழுதினார். விவியனின் நோய், மணவாழ்க்கையின் வலி, தன் குற்ற உணர்வு எல்லாவற்றையும் வெளிப்படையாக வைத்தார். விவியன் லீ தன் வாழ்க்கையை எழுதிவைக்கவில்லை. அந்த வீட்டில் நடந்ததைச் சொல்லும் வேடத்தையும் எழுத்தும் இயக்கமும் நடிப்புமாகச் சேர்த்து சர் லாரன்ஸே ஏற்றுக்கொண்டார். எதிரில் நின்று வசனம் பேச வேண்டியவர் இல்லாததால், அந்த மேடையில் அவரைத் தாண்டவும் யாரும் இருக்கவில்லை.