பாலம் கடக்கும் தர்மம்

அறுவை சிகிச்சைக் குழுவோடு விமானமேறி ஏழை நாட்டுக்குப் போவதுதான் மனிதநேயப் பணியாம். மெர்சி மலேசியா என்ற மருத்துவ நிவாரண அமைப்பு அதை 1999 முதல் செய்கிறது. ஜொகூர் மாநிலம் இன்னும் தாராளம்: விமானச் செலவே இல்லாமல், 1924-இல் திறந்த ஒரு கிலோமீட்டர் பாலத்தின் வழியே பணக்கார சிங்கப்பூருக்கே தாதியரை அனுப்பி வைக்கிறது. பயிற்சி இங்கே, பணி அங்கே. நன்றிக் கடிதம்கூட எதிர்பார்ப்பதில்லை. போகிற தாதியரைச் “சம்பள ஆசை, நாட்டுப்பற்று இல்லை” என்பார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. நாட்டுப்பற்றை மாற்றித் தரும் நாணய மாற்றுக் கடை இன்னும் திறக்கப்படவில்லை. சரி, போகாமல் இங்கேயே தங்கியவர்களுக்கு என்ன மரியாதை? 2021 ஜூலை 26 அன்று மலேசிய அரசு மருத்துவமனைகளின் ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் வார்டை விட்டு வெளியே வந்து கேட்டது நிரந்தர வேலை. வெளிநாட்டு முகாமுக்குக் கைதட்டுவோரே, முதலில் அதைக் கொடுங்கள்.