குச்சிக்காரர்

கார்த்திகை பிறந்ததும் சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து ஒரு வகை மனிதர் வெளியே கிளம்புவார். வங்கியிலோ மின்வாரியத்திலோ இருந்து ஓய்வுபெற்றவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பார்வையைத் தரையில் பதித்து, ஒவ்வொரு குப்பைத் தொட்டியின் பக்கத்திலும் நின்று நிதானித்துப் போவார். எதையோ தொலைத்துவிட்டார் பாவம் என்று யாரும் உதவிக்கு ஓட வேண்டாம். அவர் தேடுவது குச்சி. மொட்டைமாடியில் தக்காளி இடுப்பளவு வந்துவிட்டது.

இவருக்கு உலகத்துப் பொருள்கள் இரண்டே வகை: குச்சி ஆகக்கூடியவை, ஆகாதவை. மாப் உடைந்தால் வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். இவர் முகத்தில் மட்டும் மலர்ச்சி. ஒட்டடைக் கம்பைக் காணோமென்றால் வேலைக்கு வரும் அம்மா யாரையும் விசாரிப்பதில்லை, நேரே மாடிக்குப் போய்விடுவார். பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தால் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று இவர் கேட்கமாட்டார். பந்தல் எப்போது பிரிக்கிறார்கள் என்பார். சாப்பிட்டுத் திரும்பும்போது ஒரு கையில் தாம்பூலப் பை, இன்னொரு கையில் இரண்டு சவுக்குக் கம்பு. எழுதிய மொய் அதிலேயே கழிந்தது.

முருங்கைக் கம்பு கிடைத்த வருடமும் உண்டு. அதை நட்டு, தக்காளியைக் கட்டி, வேளை தவறாமல் தண்ணீர் விட்டார். தக்காளி வாடியது, கம்பு துளிர்த்தது. மனிதர் அசரவில்லை, அந்த வருடம் வீட்டில் கீரைக்குப் பஞ்சமில்லை.

“வாங்க சார், கட்டுறதைக் காட்டறேன்” என்று கூப்பிட்டால் அரைமணி நேரம் போயிற்று. “நிறைய பேர் செடியையும் குச்சியையும் சேர்த்து இறுக்கிடறாங்க. தண்டு நாளைக்குப் பருக்காதா? கழுத்தை அறுத்துடும். எட்டு போடணும் சார், எட்டு!” இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்த பருத்தித் துணியைத் தண்டைச் சுற்றிக் கொண்டுவந்து, நடுவில் ஒரு குறுக்குப் போட்டு, முடிச்சைக் குச்சியின் பக்கம் போடுவார். தண்டுக்கும் துணிக்கும் நடுவே சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். விரல் தாராளமாகப் போய் வந்தால்தான் அடுத்த கட்டு.

அதற்குள் கீழேயிருந்து குரல் வரும்.

“ஏங்க, என் சுங்குடிச் சேலையைப் பார்த்தீங்களா?”

“பழசுதானே?”

“போன தீபாவளிக்கு எடுத்தது!”

மேலே தக்காளி வரிசை முழுக்கச் சுங்குடி கட்டிக்கொண்டு நிற்கும்.

செடியைக் கட்டுவதாவது பரவாயில்லை. குச்சியை நிற்க வைப்பதுதான் பெரும்பாடு. வளர்ப்புப் பைக்குள் இருப்பதில் பாதி தென்னை நார்க்கழிவு. கனமில்லாத அந்தக் கலவையில் ஆறடிக் கம்பு பிடிமானமில்லாமல் சாயும். அதனால் குச்சிக்கு முட்டாக ஒரு குச்சி, முட்டுக்கு முட்டாக இன்னொன்று. மூன்றையும் உச்சியில் சேர்த்துக் கட்டினால் நிற்கும்தான். ஆனால் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னால் போதும், பையோடு சாய்ந்துவிடுமோ என்ற கவலை வந்துவிடும். உடனே ஒரு கயிறு கைப்பிடிச் சுவருக்கு, அங்கிருந்து தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கு, அங்கிருந்து மூன்றாம் மாடிக்காரரின் டிஷ் ஆன்டெனாவுக்கு. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் ஓடும்போது கீழிருந்து ஒரு கூக்குரல் கேட்கும்: “சார், தக்காளியைக் கொஞ்சம் கிழக்கே தள்ளுங்க!”

இத்தனை உபசாரத்தையும் தக்காளி கேட்டதில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கம் அதன் மூதாதைகள் தரையில் படர்ந்தே காலம் தள்ளியவை. தண்டு மண்ணில் பட்ட இடத்திலெல்லாம் வேர் விடும். இதைச் சொன்னால் பொங்கிவிடுவார். “தரையில விட்டா பழம் அழுகும் சார். மழையில மண் தெறிச்சு இலையெல்லாம் புள்ளி விழும்.” சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் தொல்லை, இவர் தப்பாகப் பேசினாலாவது தப்பித்துக்கொள்ளலாம்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது குடியிருப்பே இவரைத்தான் அண்ணாந்து பார்த்தது. செடி இருந்தது, குச்சி இருந்தது, கட்டு இருந்தது, காய்தான் இல்லை. இரவிலும் வெக்கை தணியாத சென்னையில் பூவெல்லாம் காய் பிடிக்காமல் உதிர்ந்துவிட்டது. ரேஷன் கடையில் அறுபது ரூபாய்க்குப் போட்டார்கள். அந்த வரிசையில் முன்னால் நின்றவரும் இவரே. தை பிறந்தால் இவர் மாடியில் பழம் குலுங்கும். அப்போது கோயம்பேட்டிலும் மலிந்து கிடக்கும். வீட்டுக்கு நாலு பழம் என்று பையில் போட்டு எல்லோருக்கும் கொடுப்பார். பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். “உங்க வீட்ல பழைய கொசுவலைக் கம்பி இருக்குமே?” என்பார்.

விவரம் தெரிந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரர் பொறுக்கமுடியாமல் சொல்லிப் பார்த்தார்: “எதுக்கு சார் இந்தக் கஷ்டம்? கொடி மாதிரி வளர்ந்துக்கிட்டே போற ரகத்தை விடுங்க. பெரியகுளத்துல உண்டாக்கின பி.கே.எம். 1 வைங்க. குட்டையா நின்னுடும். குச்சிக்கு அலைய வேண்டாம்.”

குச்சிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“குச்சி வேண்டாத தக்காளியை வாங்கத்தான் கடை இருக்கே சார்.”