பட்டையக் கட்டுறதுக்கு முன்னால

வாய்யா தம்பி, மிசினத் திண்ணையில வை. மூணு வருசமா இந்த ஊரு ஒடம்ப அளக்குற, ஒரு தடவையாவது பஞ்சாங்கத்தப் பாத்துட்டுக் கெளம்பியிருக்கியா?

மொத வருசம் ஆடியில எடை போட்ட. குதிருல நெல்லு இல்ல, வயித்துலயும் இல்ல. மறு வருசம் தையில வந்த. புது நெல்லு, பொங்கல், மறுநாள் கறிச்சோறு. ஊரே எடை ஏறிருச்சு, எல்லாம் நான் குடுத்த சத்துமாவுன்னு குதிச்ச பாரு! இப்பப் பங்குனி. மார்ச்சுக்குள்ள பணத்தச் செலவழிக்கணுமாம். அதுவும் பகல் பதினோரு மணிக்கு வந்து நிக்குற. என்னப்போல கெழடுகளத் தவிர யாரு இருப்பா? ஊரு பூராம் நூறு நாள் வேலையில கெடக்கு.

நர்சுக்குப் படிக்கிற என் பேத்தி ஒண்ணு வாசிச்சுக் காட்டுனா. உலக சுகாதார நிறுவனம் 1997-லருந்து 2003 வரைக்கும் ஆறு நாட்டுல பிள்ளை வளத்திய அளந்துச்சாம், டெல்லியும் சேத்தி. பொறந்த ஒண்ணு, ரெண்டு, நாலு, ஆறாவது வாரம். பெறகு ஒரு வயசு வரைக்கும் மாசாமாசம். அடுத்த வருசம் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா. ஆகமொத்தம் 21 தடவை வீட்டுப்படி ஏறியிருக்காக. நாத்து எந்திரிக்கிற வேகத்துக்கு வரப்புல நடந்த சம்சாரிக! அமெரிக்காவுல பிரேமிங்காம் ஊருல 1948-ல தொடங்குன இருதயக் கணக்குல 5,209 பேரு. அவுகளுக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்காதான். அந்த நோவு தென்னங்கன்னு கணக்கா மெதுவா வருது, நெதம் எட்டிப்பாத்து என்னத்தக் காண?

நீ என் மருமகளுக்கு இரும்பு மாத்திரையக் குடுத்துட்டு ஒரே வாரத்துல வெரலக் குத்துன ஆளு. புது ரத்தம் ஊற வேணாமா? ஒரு மாசம் பொறுத்திருந்தா ஏத்தம் தெரிஞ்சிருக்கும். வெதச்ச மறுநாளே அருவாளோட நிக்கிறவன நாங்க என்னன்னு சொல்லுவோம் தெரியுமா? சரி, விடு. மூணு மாசச் சக்கரைய வாரத்துக்கு ஒருக்கா பாத்ததும் நீதான, பழைய சோத்தத் தெறந்து தெறந்து மோந்து பாத்த மாதிரி.

இப்ப என் கையக் கேக்காத. வெயில்ல நடந்து வந்திருக்கேன், டீ குடிச்சிருக்கேன், வாயில பொகையில வேற. அர மணி நேரம் போகட்டும். பெறகு சாஞ்சு ஒக்காந்து அஞ்சு நிமிசம் வாயத் தெறக்காம இருக்கேன், அப்பக் கட்டு பட்டைய.

என்னது, ஜீப்புக்காரன் ஆரன் அடிக்கிறானா? மொதல்ல அவன் பிரசரப் பாரு.