வலிகாரர் பேச்சு

கல்முனையில் கல்யாணம் என்றால், பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்புள்ள வலிகாரர் சொல்லுக்குத் தனி மதிப்பு. கதைக்குள் நடக்கும் கல்யாணத்துக்கு வலிகாரர் யார் என்ற வழக்குத்தான் எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

2007இல் ஹாரி பாட்டரின் ஏழாம் புத்தகத்தோடு ரானுக்கும் ஹெர்மியோனிக்கும் காரியம் முடிந்தது. பிள்ளைகளைக்கூட ரயிலேற்றி அனுப்பியாயிற்று. 2014இல் ஜே. கே. ரவுலிங் வாய் திறந்தார்: அந்த ஜோடியைத் தன் சொந்த ஆசைக்குச் சேர்த்தாராம்! ஹாரிதான் பொருத்தம் என்று ஏழு வருடமாய்ச் சாதித்த மருமகள் துள்ளிக் குதித்தாள். எங்கள் ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, பொறுக்கவில்லை.

"படைச்சவன் ஒருத்தன்தான் மனே. இவ கதை எழுதினவ. நிக்காஹ் முடிஞ்ச பொறகு வலிகாரருக்கு என்ன பேச்சு?"

இதே ராத்தாதான் 'பொன்னியின் செல்வன்' விஷயத்தில் கட்சி மாறுபவர். 1954 மே மாதம் தொடர் முடிந்தபோது, பாத்திரங்களின் பிற்கதை என்ன என்று வாசகர்கள் துளைத்தெடுக்க, கல்கி முடிவுரை எழுதிச் சமாதானம் சொன்னார். அது மட்டும் ராத்தாவுக்கு ஹலால். போதாததற்கு, குந்தவையை வந்தியத்தேவரின் தேவி என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்கிறது. கல்லில் வெட்டிய காவின் என்ற கல்யாணப் பதிவு!

அவருக்கு மிச்சம் ஒரு சந்தேகம்தான். எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தானே வர வேண்டும். கதையில் குந்தவை வாழும் பழையாறை மாளிகை அவர் பேரில் எழுதப்பட்டதா?

கேட்டுச் சொல்ல வழியில்லை. கல்கி அதே ஆண்டு டிசம்பர் 5இல் காலமாகிவிட்டார்.