எட்டுக் கணக்கு

ஊட்டி கோல்ஃப் மைதானத்துக்கு 1984-ல் பை தூக்கப் போனேன். கேடி வேலைக்கு வரும் பையனுக்கு முதல் பாடம் நடைதான். விடியற்காலையில், ஈரப் புல்லில், இன்ன சீகை மரத்திலிருந்து கிரீன் வரை எத்தனை எட்டு என்று எண்ணி மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். என் கால் குட்டை. நூற்றைம்பது கஜத்துக்கு நூற்றெழுபது எட்டு வைப்பேன். பழக்கிய பெரியவர் அதோடு விடமாட்டார். "ஏத்தத்தைப் பாத்தியா? ஏழாம் நம்பர் மட்டையைக் கேட்டா ஆறைக் கொடுடா" என்பார்.

அன்று போட்டியில் தூரம் காட்டும் கருவியை எடுத்தால் ஆட்டத்தை விட்டே வெளியே போக வேண்டும். கண்ணும் காலும்தான் கருவி. புகழ்பெற்ற கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸே 1961-ல் பெபிள் பீச்சில் எட்டு வைத்து அளந்துதான் ஆடினார் என்று பின்னால் அறிந்தபோது, எங்கள் வேலைக்கு ஒரு கௌரவம் வந்ததுபோல் இருந்தது.

2006-ல் விதி கொஞ்சம் இளகியது: போட்டி நடத்துவோர் உள்ளூர் விதி போட்டால் கருவி ஆகும். 2019-ல் தலைகீழானது: அவர்கள் தடுக்காதவரை எல்லோரும் பயன்படுத்தலாம். 2021-ல் பிஜிஏ சாம்பியன்ஷிப்பிலேயே அனுமதித்தார்கள். ஆனால் கருவி சொல்லலாம் என்பது தூரத்தையும் திசையையும் மட்டும்தான். ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடவோ காற்றின் வேகத்தை அளக்கவோ கூடாது. அந்த வசதி இருந்தால் அணைத்து வைக்க வேண்டும். முதல் தவறுக்கு ஸ்ட்ரோக் ஆட்டத்தில் இரண்டு அடி தண்டம்; மறுபடி செய்தால் நீக்கம்.

இந்த வரம்பு சரியான இடத்தில் போட்ட வரம்பு என்றே நினைக்கிறேன். தூரம் யார் அளந்தாலும் ஒன்றுதான். மேட்டையும் காற்றையும் எடைபோட்டு மட்டையைத் தேர்வதுதான் ஆட்டம். அது மனிதனுக்கென்று விடப்பட்டிருக்கிறது.

போன சீசனில் ஒரு போட்டி. ஆட்டக்காரர் லேசரைக் கொடிக்கு நேரே பிடித்தார்: நூற்று நாற்பத்தெட்டு. பிறகு என் பக்கம் திரும்பி, "எவ்வளவு ஏறுதுண்ணே?" என்றார். கேடியிடம் கேட்க விதியில் தடை இல்லை. மர உச்சிகளைப் பார்த்தேன். "பத்து கஜம் கூட்டிக்குங்க சார், எதிர்க்காத்து வேற. ஆறு எடுங்க."

இப்போது என் அக்கா மகனும் பை தூக்க வருகிறான். அவனையும் விடியற்காலையில் மைதானத்தில் நடக்க விடுகிறேன். அவன் எட்டு எண்ணுவதில்லை. எந்த மேட்டில் மூச்சு வாங்குகிறது என்று பார்த்துக்கொண்டு வருகிறான்.